அக்ராவில் ஒரே ஒரு நாள்: தேசிய அருங்காட்சியகமா, நிக்ரூமா நினைவகமா, கேப் கோஸ்ட் கோட்டையா?

"வெள்ளிக்கிழமை வேலை முடிந்துவிடும், ஞாயிறு காலை விமானம். நடுவில் ஒரு நாள் முழுசாக இருக்கிறது. எங்கே போகலாம்?" கானாவுக்கு வேலையாக வருகிறவர்களிடமிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் தேமா துறைமுக நகரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். வந்தவர்களையெல்லாம் ஊர் சுற்றிக் காட்டியதில் இந்த மூன்று இடங்களுக்கும் பல தடவை போயிருக்கிறேன்.

ஆரம்பத்தில் யோசிக்காமல் "கேப் கோஸ்ட் போங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடிமைகளைக் கப்பல் ஏற்றும்வரை அடைத்து வைத்த கடற்கரைக் கோட்டை அது. ஒரு தடவை ஒரு நண்பரின் குடும்பத்தை அங்கே கூட்டிப்போனேன். நிலவறையிலிருந்து வெளியே வந்ததும் அவருடைய மகள், ஒன்பதாவது படிக்கிறவள், "அங்கிள், இவங்களைப் பிடிச்சு இங்க அடைக்கிறதுக்கு முன்னாடி இவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் அவளுக்காகவே அக்ராவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அன்றிலிருந்து நான் சொல்லும் பதில் மாறிவிட்டது.

## எதை வைத்து முடிவு செய்வது

மூன்றும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். உங்களுக்கு எது என்பதை இந்த நாலு விஷயங்கள் முடிவு செய்யும்.

கையில் இருக்கும் நேரம். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், நெரிசலோடு சேர்த்து மணிக்கணக்கில் பாருங்கள். கானாவில் சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்கு நாள். கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு பஸ் பஸ்ஸாக மக்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும், சாலை காலியாகக் கிடக்கும்.

டிக்கெட்டுக்கு மேல் ஆகும் செலவு. இந்த மாதிரி இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், உள்ளூர்க்காரர்களுக்கு வாங்குவதைவிடப் பல மடங்கு. ஆனாலும் பர்ஸைக் காலி செய்வது டிக்கெட் அல்ல, வண்டி.

எந்த வரலாறு. ஒரு இடம் பழைய அரசுகளையும் கைத்தொழில்களையும் காட்டும். இன்னொன்று சுதந்திரத்தைக் காட்டும். மூன்றாவது அடிமை வணிகத்தைக் காட்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ள முடியாது.

கூட யார் வருகிறார்கள். சின்னக் குழந்தையா, முழங்கால் வலி உள்ள அம்மாவா, இருட்டறையில் மூச்சு முட்டுகிறவரா? கோட்டையைப் பொறுத்தவரை இது பெரிய கேள்வி.

## தேசிய அருங்காட்சியகம், பார்ன்ஸ் சாலை

கானா சுதந்திரம் அடைந்தது 1957 மார்ச் 6. இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தது அதற்கு முதல் நாள், மார்ச் 5. நாடு பிறப்பதற்கு ஒரு நாள் முன்னால், "எங்களுக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு" என்று சொல்ல ஒரு கட்டடம் தயாராக இருந்தது. குவிமாடம் வைத்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தது மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியின் நிறுவனம். சண்டிகர் நகரத்துக்கு லெ கொர்பூசியேவோடு சேர்ந்து வேலை செய்த அதே இருவர்தான். 2015இல் பழுதுபார்க்க மூடியவர்கள் 2022இல்தான் மறுபடி திறந்தார்கள். இணையத்தில் இன்னும் "மூடிக்கிடக்கிறது" என்று பழைய குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நம்பாதீர்கள்.

அளவில் சின்ன இடம். லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் ஒரு இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கானாவின் பெரிய இனக்குழுவான அகான் மக்களின் தங்க எடைக்கற்கள் இருக்கும் இடம் அது.

எடைக்கல் என்றதும் நம் கடைத் தராசுப் படிக்கல்லை நினைக்க வேண்டாம். விரல் நுனி அளவுக்குப் பித்தளையில் ஒரு முதலை, ஒரு மீன், கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும் ஒரு பறவை. மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றி வார்த்தவை. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் தங்கப் பொடிதான் காசு. வணிகம் செய்கிறவன் தராசு, கரண்டி, எடைக்கற்கள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிச் சொந்தமாகவே வைத்திருப்பான். வாங்குகிறவனும் எடை போடுவான், விற்கிறவனும் எடை போடுவான். பல எடைக்கற்களுக்குப் பின்னால் ஒரு பழமொழி இருக்கும். அந்தப் பறவையின் பெயர் சங்கோஃபா. "திரும்பிப் போய் எடுத்துக்கொள்" என்று பொருள். மறந்ததைத் தேடிப் போவதில் தவறில்லை என்பது அதன் சொல்.

மிகச் சிறிய அளவுகளுக்கு விதைகளையே எடையாக வைத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு டாமா என்று பெயர். சிவப்பு விதை, ஒரு ஓரத்தில் கறுப்புப் பொட்டு. ஆமாம், நம் குன்றிமணி! "குன்றிமணித் தங்கம்கூட இல்லை" என்று என் பாட்டி சொல்வார். கடலுக்கு அந்தப் பக்கமும் தங்கத்தை அதே விதையால் நிறுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

கையில் இருக்கும் நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. கானாவின் நாணயத்துக்குப் பெயர் சீடி. அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கிய சோழிகளில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுத்து, இலங்கை வழியாகவும் வங்காளம் வழியாகவும் ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவை.

அப்புறம் ஆசனங்கள். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தவை. ஒருவர் உட்காரும் ஆசனத்தில் அவருடைய ஆவி தங்குகிறது என்பது அகான் நம்பிக்கை. அதனால் உட்காராத நேரத்தில், வேறெதுவும் வந்து அதில் அமர்ந்துவிடாதபடி பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள். அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தி மக்களுக்கு அவர்களின் பொன்னாசனம் அரசனைவிடப் பெரியது. 1900இல் பிரிட்டிஷ் கவர்னர் ஹாட்ஜ்சன் "அதைக் கொண்டுவாருங்கள், நான் உட்கார வேண்டும்" என்று கேட்டார். யா அசந்தேவா என்ற அரசத்தாயின் தலைமையில் போர் வெடித்தது. ஆங்கிலேயர் கையில் அந்த ஆசனம் கடைசிவரை சிக்கவில்லை. ஒரு சாதாரண மர ஆசனத்தை இங்கே பக்கத்தில் நின்று பார்த்தால், அதற்காக ஏன் உயிரைக் கொடுத்தார்கள் என்பது புரிய ஆரம்பிக்கும்.

*கண்ணுக்குத் தெரியாத செலவு:* பணத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஊருக்குள்ளேயே ஊபர், போல்ட் கிடைக்கும். செலவாவது பொறுமைதான். விளக்க அட்டைகளை மட்டும் நம்பினால் பாதிப் பொருள்கள் ஊமையாக நிற்கும். வழிகாட்டி ஒருவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஏதாவது கொடுங்கள். அவர்களுக்குப் பழமொழிகள் தெரியும்.

*எப்போது இது சரி:* அரை நாள்தான் இருக்கிறது என்றால், மழை என்றால், கேப் கோஸ்டுக்கு மறுநாள் போகப்போகிறீர்கள் என்றால்.

## நிக்ரூமா நினைவுப் பூங்கா

வெள்ளைக்கார அதிகாரிகள் போலோ விளையாடிய மைதானம் இது. 1957 மார்ச் 5 நள்ளிரவில் கானாவின் முதல் பிரதமர் குவாமே நிக்ரூமா இங்கே மேடை போட்டு கானா என்றென்றைக்கும் சுதந்திர நாடு என்று அறிவித்தார். அவர் நின்ற இடத்தில் இன்று கைநீட்டி நிற்கும் அவருடைய சிலை, பின்னால் பளிங்குக் கல்லறை.

அந்தப் பெரிய சிலையைவிட நான் எல்லோரையும் கூட்டிப்போய் நிறுத்துவது வேறொரு சிலைக்கு முன்னால். அதற்குத் தலை கிடையாது. 1966 பிப்ரவரி 24 அன்று, நிக்ரூமா ஆசியப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் அவருடைய சிலையைச் சாய்த்து உடைத்தது. தலையை யாரோ எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து பல வருஷம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். உடைந்த உடலையும் தலையையும் ஒட்டவைக்காமல் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாடு தன் கோபத்தையும் மறைக்காமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிக்ரூமா நாடு திரும்பவே இல்லை. 1972இல் புக்காரெஸ்டில் இறந்தார். கினியில் புதைத்தார்கள், பிறகு சொந்த ஊரான இங்ரோஃபுலில், கடைசியாக 1992இல் இங்கே.

சின்ன அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அவருடைய பொருள்கள், உலகத் தலைவர்களோடு எடுத்த படங்கள். நேரு, நாசர், டிட்டோ, சுகர்ணோவோடு அணிசேரா இயக்கத்தைத் தொடங்கிய ஐவரில் இவர் ஒருவர் என்பதால் நம்மவர்களுக்கு அந்தப் படங்களில் பழகிய முகங்கள் தென்படும். 2023இல் புதுப்பித்துத் திறந்த பிறகு இடம் பளிச்சென்று இருக்கிறது.

*கண்ணுக்குத் தெரியாத செலவு:* வெயில். பளிங்குத் தரை, திறந்த வெளி. மதியம் 12லிருந்து 3 வரை போகாதீர்கள்.

*எப்போது இது சரி:* இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, குழந்தைகள் ஓடியாட வேண்டும், அல்லது சுதந்திரப் போராட்ட வரலாறு பிடிக்கும் என்றால். இதற்காகவே ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். அருங்காட்சியகத்திலிருந்து கார் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடலாம், அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## கேப் கோஸ்ட் கோட்டை

அக்ராவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 1653இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கியது, 1660களில் ஆங்கிலேயரிடம் போனது. 1877இல் தலைநகரை அக்ராவுக்கு மாற்றும்வரை பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடம். இந்தக் கடற்கரைக் கோட்டைகளையெல்லாம் சேர்த்து 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

உள்ளே நுழைந்தால் வெள்ளையடித்த சுவர், நீலக் கடல், வரிசையாகப் பீரங்கிகள். அழகாக இருக்கும். வழிகாட்டி உங்களை ஆண்கள் நிலவறைக்குச் சரிவில் இறக்குவார். சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஓட்டை, வெளிச்சமும் காற்றும் அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். பிறகு காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றிச் சொல்வார். செங்கல் தளத்துக்கு மேல் இறுகிப்போய்க் கிடந்த அந்தப் படலம், அங்கே அடைத்து வைக்கப்பட்ட மனிதர்களின் கழிவு. நேர் மேலே தேவாலயம்.

கடைசியில் ஒரு கதவு. அடிமைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன, "திரும்பி வராத கதவு". அதைத் திறந்தால் வெளியே எதுவும் நின்றுபோகவில்லை. வண்ணம் பூசிய மீன்பிடிப் படகுகள், வலை பின்னுகிறவர்கள், மீன் கூடையைத் தலையில் வைத்துப் போகும் பெண்கள், பந்து விளையாடும் பையன்கள். வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கதவின் மறுபுறத்தில் "திரும்பி வரும் கதவு" என்று எழுதியிருக்கும். 1998இல் ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு அடிமை வம்சத்தினரின் எச்சங்களை இந்த வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். நான் எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் பேச்சு வராது.

இனி செலவு. இங்கேதான் பலரும் கணக்குத் தப்புகிறார்கள்.

கசோவா. அக்ராவை விட்டு வெளியேறும் வழியில் இருக்கும் ஊர். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, கசோவாவைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது மதியம் ஒன்றரை. வந்தவர்களுக்கு அவசரமாக ஒரு சுற்றுதான் கிடைத்தது, திரும்பும்போது இருட்டிவிட்டது. அந்தச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள், மூன்று மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள்.

வாடகைக் கார். பேசும்போதே எல்லாவற்றையும் பேசிவிடுங்கள்: காத்திருக்கும் நேரம், பெட்ரோல், பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோட்டை ஊரான எல்மினாவுக்கும் போவதா, ஓட்டுநரின் சாப்பாடு. நான் ஒரு தடவை "கேப் கோஸ்ட் போய் வர" என்று மட்டும் பேசி, 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்மினாவுக்குப் போனதற்குப் பாதி வாடகை கூடுதலாகக் கொடுத்தேன். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் கனேஷி நிலையத்திலிருந்து ட்ரோட்ரோ, அதாவது பங்கு வேன் கிடைக்கும். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

கோட்டை வாசலில் பையன்கள் நட்பாகப் பேசி உங்கள் பெயரைக் கேட்பார்கள். நீங்கள் வெளியே வரும்போது அந்தப் பெயரை எழுதிய சிப்பியோ கைக்கயிறோ தயாராக இருக்கும், காசு கேட்பார்கள். வாங்குவதென்றால் சந்தோஷமாக வாங்குங்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சிரித்தபடி பெயரைச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு கோபப்படுவது சரியில்லை.

மனசுக்கு ஆகும் செலவும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை நிலவறைக்குள் கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன். மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மேல்தளத்தில் இருக்கலாம். கல் படிகளும் மேடுபள்ளமான தரையும் வயதானவர்களுக்குக் கஷ்டம்.

*எப்போது இது சரி:* முழு நாள் இருக்கிறது, மறுபடி கானா வரும் வாய்ப்பு குறைவு, கார் செலவைப் பகிர இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்றால்.

## ஒரே பார்வையில்

| | தேசிய அருங்காட்சியகம் | நிக்ரூமா பூங்கா | கேப் கோஸ்ட் |
|---|---|---|---|
| பார்க்க ஆகும் நேரம் | 1½ முதல் 2 மணி | 1 முதல் 1½ மணி | 2 மணி |
| பயணம் | ஊருக்குள் | ஊருக்குள் | ஒரு வழிக்கு 3 முதல் 4½ மணி |
| பெரிய செலவு | வழிகாட்டிக்குக் கொடுப்பது | டிக்கெட் மட்டும் | வாடகைக் கார் |
| எந்த வரலாறு | பழைய அரசுகள், கைத்தொழில், நம்பிக்கைகள் | 1957, அதன் முன்னும் பின்னும் | அடிமை வணிகம், காலனி ஆட்சி |
| சின்னக் குழந்தைகள் | பரவாயில்லை | நல்லது | வேண்டாம் |
| மே, ஜூன் மழையில் | சரி | சிரமம் | சாலை மோசமாகலாம் |

## நான் சொல்வது

அரை நாள் என்றால் தேசிய அருங்காட்சியகம். ஒரு நாள் இருந்து, கார் செலவைப் பகிர ஆள் இருந்து, இனி வரமாட்டீர்கள் என்றால் கேப் கோஸ்ட். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் காலை அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் நிக்ரூமா பூங்கா, மறுநாள் விடியற்காலை கேப் கோஸ்ட். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். தங்கத்தை நிறுத்தவர்கள், துணி நெய்தவர்கள், முரசில் செய்தி அனுப்பியவர்கள் என்று அந்த மக்களை முதலில் தெரிந்துகொண்டு நிலவறைக்குள் இறங்குகிறவருக்கு, அங்கே அடைபட்டவர்கள் வெறும் எண்ணிக்கையாகத் தெரிய மாட்டார்கள். அந்தச் சிறுமிக்கு நான் தலைகீழாகக் காட்டியதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அசாந்தி மக்களின் தலைநகரான குமாசி போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு 2024இல் பிரிட்டனிலிருந்து அசாந்திப் பொன் பொருள்கள் கடனாக வந்த பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது. நல்ல இடம், ஆனால் சாலை வழியாக ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. ஒரு இரவு தங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்வேன். அக்ராவின் ஓசு பகுதியில் கடலோரம் வெள்ளையாக நிற்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை டென்மார்க்காரர்கள் 1660களில் கட்டியது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய அதே டென்மார்க். இந்தியப் பருத்தித் துணிகள் கோபன்ஹேகன் போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்து மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள், ஓசுவை 1850இல். 1693இல் அசமேனி என்ற வணிகர், அகான் மக்களில் அக்வாமு பிரிவைச் சேர்ந்தவர், துப்பாக்கி வாங்குவதுபோல் ஆட்களோடு உள்ளே நுழைந்து அந்தக் கோட்டையையே பிடித்தார். அடுத்த வருஷம் தங்கம் வாங்கிக்கொண்டு டென்மார்க்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார், சாவிகளை மட்டும் கொடுக்கவில்லை. அவை இன்றும் அக்வாமு மக்களிடம்தான் இருக்கின்றன. அருங்காட்சியகம் முடித்துவிட்டு ஓசுவில் சாப்பிடப் போகும்போது கடற்கரைப் பக்கம் வண்டியை விடச் சொல்லி, வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். சைவம் என்றால் கடையில் "ரெட் ரெட்" கேளுங்கள். காராமணிக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும். மீன் போட வேண்டாம் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

## கேப் கோஸ்டா, எல்மினாவா?

ஒன்றுதான் பார்க்க முடியும் என்கிறவர்களுக்கு: எல்மினா பழையது. 1482இல் போர்த்துகீசியர் கட்டினார்கள், 1637இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1872இல் ஆங்கிலேயருக்குப் போனது. கட்டடமாகப் பார்த்தால் எல்மினாவே அழகு. அதன் மேலிருந்து கீழே படகுத்துறை தெரியும் காட்சி கேப் கோஸ்டில் கிடையாது. அசாந்தி அரசர் முதலாம் பிரெம்பேவை 1896இல் பிடித்து அடைத்து வைத்த அறையும் அங்கேதான். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் நிலவறையையும் சேர்த்து, நடந்ததை முழுசாக விளங்கவைப்பது கேப் கோஸ்ட். காலை எட்டரைக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பதினொன்றரைக்கு எல்மினா போகலாம், இரண்டையும் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு அக்ராவுக்கு வண்டி ஏறலாம். பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் எல்மினாவை விட்டுவிடுங்கள்.